அடித்த இரண்டு வார்த்தை

மார்ச் 3

அக்கா,

நீ கேட்டது தயார். அதாவது நீ அம்மாவிடம் கேட்டு, அம்மா என்னிடம் கேட்டது. ஏழு மாதமாக என் போனை எடுக்காத ஆள், ஒரு ப்ரோக்ராம் வேண்டும் என்றதும் அம்மாவைத் தூது விட்டிருக்கிறாய். நிபந்தனை வேறு. எழுதினால்தான் படிப்பாய், அதுவும் கையால் எழுத வேண்டும். "போன்ல அவன் கத்துவான், நான் வெச்சிடுவேன், நடுவுல நீ அழுவே" என்று அம்மாவிடம் சொன்னாயாம். பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் பேனா பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதுவது இதுதான் முதல் முறை. எழுத்து புரியாவிட்டால் அது உன் தலைவிதி.

பென் டிரைவ் இந்தக் கவரிலேயே இருக்கிறது. உன் இறையியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயேசுவின் கதையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்றாய். நான்கு பத்தி போட்டிருக்கிறேன். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். ஒரே சம்பவம் எதிரெதிரே வரும். இரண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் நீலம், மூன்று பேரோ நால்வருமோ சொன்னால் சிவப்பு, ஒருவர் மட்டும் சொன்னால் கறுப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

நீ கேட்காத ஒன்றையும் செய்திருக்கிறேன். ஐந்தாவது பத்தி. தலைப்பு 'இறுதி வடிவம்'. நான்கையும் சேர்த்து ஒரே கதையாக்கிவிட்டேன். ஏனென்றால் அக்கா, உன் ஆட்கள் நால்வரும் எதிலும் ஒத்துப்போகவில்லை. இயேசு கோயிலில் கடைக்காரர்களை விரட்டியது மூன்று பேர் கணக்கில் கடைசி வாரத்தில். யோவானில் ஆரம்பத்திலேயே. மூன்றுக்கு ஒன்று, யோவான் தோற்றார், கடைசி வாரம்தான் என்று போட்டுவிட்டேன். கல்லறையில் ஒருவர் நின்றாரா இருவரா என்பதில் ஆளுக்கு ஒன்று. இயேசுவின் தந்தை யோசேப்பு, அவருடைய அப்பா பெயர் மத்தேயுவில் ஒன்று, லூக்காவில் வேறு. சொந்தத் தாத்தா பெயரில்கூட டிரா. அங்கே மட்டும் நீயே முடிவு செய்துகொள்.

என் வேலையில் நான்கு சாட்சி இப்படிப் பேசினால் ஃபைலையே தூக்கிப் போட்டுவிடுவேன். அன்று உன் பட்டமளிப்புச் சாப்பாட்டில் நான் கேட்டதும் இதைத்தான். கேட்ட இடம் தப்பாக இருக்கலாம். கேள்வி தப்பில்லை.

தம்பி


மார்ச் 11

யோவானைத் தோற்கடித்த தம்பிக்கு,

ப்ரோக்ராம் நன்றாக இருக்கிறது. நீலம் மட்டும் வெளிறிப்போய்த் தெரிகிறது, கொஞ்சம் அழுத்து. ஐந்தாவது பத்தியை எடுத்துவிடு.

கோபத்தில் சொல்லவில்லை. நீ செய்ததை ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டார், இரண்டாம் நூற்றாண்டில். உன்னைப் போலவே பொறுமை இல்லாத மனிதராகத்தான் இருந்திருப்பார். நான்கையும் வெட்டி ஒட்டி ஒரே கதையாக்கினார். ரொம்ப அழகாக வந்தது. சில ஊர்ச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக அதையே வாசித்தார்கள். பிறகு ஓர் ஆயர் தன் பகுதியிலிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி ஒதுக்கிவிட்டு, நான்கையும் தனித்தனியாகத் திருப்பிக் கொடுத்தார். ஒத்துப்போகாது என்று தெரிந்தே கொடுத்தார். அவர்களுக்கும் தாத்தா பெயர் இரண்டு என்பது தெரியும், டேய். நீதான் முதலில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளாதே.

ஒன்றாக்கினால் என்ன போகிறது என்று கேட்பாய். மாற்கு அவசரக்காரர். எதைச் சொன்னாலும் "உடனே, உடனே" என்று ஓடுவார். இயேசுவின் சீஷர்கள் அவருடைய எழுத்தில் பெரும்பாலும் மரமண்டைகள். மத்தேயு அவர்களைக் கொஞ்சம் காப்பாற்றிவிடுவார். லூக்காவுக்கு ஏழைகள் மேல் கண். யோவான் எல்லாவற்றையும் நிதானமாக, தூரத்திலிருந்து பார்ப்பவர். உன் ஐந்தாவது பத்தியில் இந்த நால்வரும் செத்துப்போகிறார்கள். பேசுவது யார் என்று பார்த்தால், நீ.

சாப்பாட்டு விஷயம். "கேட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்கவில்லை, சிரித்தாய். என் பேராசிரியர் எதிரில் உட்கார்ந்திருந்தார். "அஞ்சு வருஷம் படிச்சும் நாலு கதையில எது நிஜம்னு கண்டுபிடிக்க முடியலையா?" என்று சொல்லிவிட்டு, நீயே சிரித்து, பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னாய். நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நீ இரண்டு முறை ஐஸ்கிரீம் வாங்கினாய்.

உன் வேலையில் எப்படி என்று சொல்லு. ஃபைலைத் தூக்கிப் போட வேண்டியில்லாத அளவுக்கு ஒத்துப்போகிற சாட்சி உனக்கு எங்கே கிடைக்கிறது?

அக்கா


மார்ச் 17

அக்கா,

நான் சிரிக்கவில்லை. அம்மாவைக் கேட்டேன். "நீ சிரிக்கலை, அவளோட சார்தான் சிரிச்சாரு" என்கிறார். ஐஸ்கிரீம் ஒன்றுதான். இரண்டாவது நீ வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

என் வேலை எப்படி என்று கேட்டாய். போன மாதத்துக் கதை ஒன்று சொல்கிறேன், படித்துக் கற்றுக்கொள்.

எங்கள் தொழிற்சாலையில் தகடு அமுக்குகிற பிரஸ் மெஷின் இருக்கிறது. முன்னால் ஒரு பாதுகாப்புக் கதவு. கதவு திறந்திருந்தால் மெஷின் இறங்காது, அதற்கு ஒரு சுவிட்ச். வேகமாக வேலை முடிக்க வேண்டும் என்று சிலர் அந்தச் சுவிட்சைக் கம்பியால் கட்டிவிடுவார்கள். கதவு மூடியிருப்பதாக மெஷின் நம்பிக்கொள்ளும். போன மாதம் அப்படிக் கட்டியிருந்தபோது பிரஸ்காரர் கையை உள்ளே விட்டார், மெஷின் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஐம்பது வயது ஆள்.

கம்பியைக் கட்டியது யார் என்பதுதான் கேள்வி. பாதுகாப்பு அதிகாரி நான், விசாரணை என் பொறுப்பு. சூப்பர்வைசர், பேக்கிங்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், எலெக்ட்ரீஷியன் என்று நான்கு பேர் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். பிரஸ்காரரே கட்டினார் என்று நான்கும் ஒரே மாதிரி சொன்னது. நேரம், வரிசை எதிலும் வித்தியாசமே இல்லை. ஐந்தாவது வாக்குமூலம் பிரஸ்காரருடையது, ஆஸ்பத்திரியில் வாங்கியது. தான் ஷிஃப்டுக்கு வரும்போதே கம்பி கட்டியிருந்தது என்கிறார். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறார், வேறென்ன. நான்குக்கு ஒன்று. எல்லாவற்றையும் டைப் அடித்து, ஒரே பக்கத்தில் முடிவு எழுதி, இரண்டு நாளில் ஃபைலை மூடினேன். மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். பிரஸ்காரரை வேலையிலிருந்து எடுக்கிற உத்தரவு மேலே போயிருக்கிறது, அடுத்த மாதக் கடைசியில் வரும்.

இப்படித்தான் வேலை செய்வது. நீ இரண்டாயிரம் வருஷமாக ஃபைலைத் திறந்தே வைத்திருக்கிறாய்.

நீலத்தை அழுத்திவிட்டேன். ஐந்தாவது பத்தியை எடுக்கவில்லை, மறைத்து வைத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

அந்த மனிதருடைய விரலைப் பற்றி ஒரு வரி, உன் மேனேஜர் கை கொடுத்ததைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதப் பிடிக்கவில்லை.

உன் வேலை எனக்குத் தெரியாது. என் வேலையிலிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

நான்கு பேர் ஒத்துப்போகாததுதான் உன் கண்ணில் படுகிறது. எங்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. முதல் மூன்று பேர் ஒத்துப்போகிற இடம். உன் சிவப்பு நிறம். ஒரு சம்பவத்தைப் பார்த்த மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லலாம். ஒரே வார்த்தையில், ஒரே வரிசையில், ஒரே இடத்தில் நிறுத்திச் சொல்ல மாட்டார்கள். இயேசு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில், இதை வாசிக்கிறவர் புரிந்துகொள்ளட்டும் என்று ஒரு குறிப்பு வருகிறது. அது காதால் கேட்கிறவருக்குச் சொன்னதாக இருக்க முடியாது, கையில் ஏடு வைத்திருப்பவருக்குச் சொன்னது. மாற்கிலும் மத்தேயுவிலும் அதே பேச்சில் அதே இடத்தில் அதே குறிப்பு. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். மாற்குதான் முதலில் எழுதினார் என்று எங்களில் பெரும்பாலோர் நினைக்கிறோம்.

பார்த்து எழுதுகிறவர் எங்கே மாட்டிக்கொள்வார் தெரியுமா? ஆரம்பத்தில் கவனமாக மாற்றுவார். போகப்போகக் கை அசந்துபோகும், மூலத்தில் இருப்பது அப்படியே வந்துவிடும். குஷ்டரோகி குணமான கதையை எடுத்துக்கொள். மாற்கில் தனியாக வருகிறான், குணமாகிறான், யாருக்கும் சொல்லாதே என்கிறார் இயேசு. மத்தேயு தொடக்கத்தில் பெரிய கூட்டம் பின்னால் வந்தது என்று சேர்க்கிறார். கடைசியில் அதே "யாருக்கும் சொல்லாதே." அவ்வளவு கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குச் சொல்லாமல் இருப்பது? லூக்காவும் அப்படித்தான். அப்பம் பகிர்ந்த கதையைப் பெத்சாயிதா என்ற ஊரில் தொடங்குவார். இரண்டு வரி தாண்டி, வனாந்தரத்தில் இருக்கிறோமே, இந்தக் கூட்டத்தைப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பிவிடும் என்று சீஷர்கள் சொல்வார்கள். மாற்கில் அது முதலிலிருந்தே வனாந்தரம்.

இந்த இடறல்கள் எங்களுக்குப் பொக்கிஷம். ஆனால் பின்னால் நகலெடுத்தவர்கள் பலர் இப்படிப்பட்ட இடங்களைச் சரிசெய்துவிட்டார்கள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் லூக்காவில் சின்னது. மத்தேயுவில் இருக்கிற வரிகள் இதில் விட்டுப்போயிருக்கிறதே என்று நல்ல மனதோடு சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் எங்களுக்கு ஒரு பழக்கம். இரண்டு பிரதியில் ஒன்று வழவழப்பாகவும் ஒன்று இடறலாகவும் இருந்தால், இடறுவதுதான் பெரும்பாலும் பழையது. இடறலை யாரும் வேண்டுமென்றே சேர்க்க மாட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி. உன் நான்கு பேரும் ஒரே இடத்திலா நின்றார்கள்?

அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் கல்லூரிப் பாடத்தை என் தொழிற்சாலைக்குள் கொண்டு வராதே. உன் ஆட்கள் செத்து இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்டது. என் ஆட்கள் தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்கிறவர்கள். இரண்டும் ஒன்றில்லை.

தம்பி


ஏப்ரல் 6

அக்கா,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். போன கடிதத்தைக் கிழித்துவிடு.

சனிக்கிழமை ஆபீசில் யாரும் இல்லை. ஃபைலை எடுத்து, நான்கு வாக்குமூலத்தையும் அவர்கள் கைப்பட எழுதினதைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் மறுபடி அடித்து, உனக்காகச் செய்த ப்ரோக்ராமில் ஊற்றினேன். நீ சொல்வது முட்டாள்தனம் என்று நிரூபிக்கத்தான். திரை முழுக்கச் சிவப்பு. உன் முதல் மூன்று பேரில்கூட அவ்வளவு சிவப்பு நான் பார்த்ததில்லை.

"மணி நாலு பத்து இருக்கும், சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் வேகம்." நான்கு பேரும் அதே இடத்தில் நிறுத்தி அதே கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வாசலுக்கு வெளியே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏது சுவர், ஏது கடிகாரம்?

அதைக்கூட விட்டுவிடலாம். இப்போது எழுதப்போவதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

சூப்பர்வைசரின் அறை மேலே, எட்டுப் படி ஏறினால் கண்ணாடி அறை. அவர் எழுதியிருப்பது: "கண்ணாடி வழியாகப் பார்த்தேன், சத்தம் கேட்டதும் எழுந்து கீழே இறங்கி ஓடினேன்." சரி. பேக்கிங்காரர் ஆரம்பத்தில் எழுதியிருப்பது: "பேக்கிங் மேசை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்." அது தரைத்தளம். ஆறு வரி தாண்டி அவரும் எழுதியிருக்கிறார்: "சத்தம் கேட்டதும் எழுந்து கீழே இறங்கி ஓடினேன்." நின்றுகொண்டிருந்தவர் எதிலிருந்து எழுந்தார்? தரையிலிருந்து எங்கே இறங்கினார்?

இதை நான் சனிக்கிழமைதான் பார்த்தேன் என்று நினைத்துவிடாதே. முதல் முறை டைப் அடிக்கும்போதே பார்த்தேன். 'எழுந்து' என்பதை விட்டுவைத்தேன். 'கீழே இறங்கி' என்ற இரண்டு வார்த்தையை அடித்துவிட்டேன். கை தவறி எழுதியிருக்கிறார், சரிசெய்யலாம் என்று. ஃபைலில் இருக்கிற டைப் பிரதியில் பேக்கிங்காரர் "எழுந்து ஓடினேன்" என்கிறார். வழவழப்பாக இருக்கிறது. மேனேஜர் அதைப் படித்துத்தான் கை கொடுத்தார்.

உன் நகலெடுத்தவர்களுக்கு நல்ல மனது என்று எழுதியிருந்தாய். எனக்கு அவசரம்.

நான்கு சாட்சி என்று எழுதினேன். இருப்பது ஒரு சாட்சிதான், சூப்பர்வைசர். மற்ற மூன்றும் அவருடைய நகல். ஆக நான்குக்கு ஒன்று இல்லை, ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் சூப்பர்வைசர் பொய் சொல்கிறார், பிரஸ்காரர் சொல்வதுதான் உண்மை. திங்கட்கிழமை மேனேஜரிடம் போய்ச் சொல்லப்போகிறேன். சரிதானே?

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

இந்தக் கடிதம் கிடைக்கிறவரை நீ மேனேஜரிடம் போயிருக்கக் கூடாது என்று ஆசைப்படுகிறேன். நீ என்றைக்குக் காத்திருந்திருக்கிறாய்.

சரியில்லை, அதுதான் பதில். மறுபடியும் தீர்ப்புக்கு ஓடுகிறாய், இந்த முறை எதிர்ப்பக்கம். மத்தேயு மாற்கைப் பார்த்து எழுதினார் என்பதால் மத்தேயு பொய்யர் ஆகிவிடுவாரா? நம்பித்தான் எடுத்து எழுதினார். பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் சிவப்பு சொல்லும். எழுதியது நிஜமா பொய்யா என்று அதற்குத் தெரியாது. பிரஸ்காரர் சொல்வது தனியாக நிற்கிறது என்பதற்காக அது உண்மையாகவும் ஆகிவிடாது. அவரைப் போய்ப் பார்த்தாயா? ஆஸ்பத்திரியில் எத்தனை நிமிஷம் பேசினாய்? அந்த மூன்று பேரிடம், ஏன் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டாயா? எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் நான்கு பேரிடமும் போய்க் கேட்க முடியாது. உன் ஐந்து பேரும் பஸ் தூரத்தில் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் ஒரு பக்கம் எழுதினேன். பேசாமல் இரு, வேலையைப் பார், அம்மா உன் வீட்டில்தான் இருக்கிறார், வேலை போனால் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்வீர்கள் என்று. எழுதி, கவரில் போட்டு, ஒட்டவும் செய்தேன். காலையில் கிழித்தேன். பிரதிகளைத் திருத்தியவர்களைப் பற்றி வருஷம் முழுக்க வகுப்பில் பேசுகிறேன். என் தம்பி என்று வந்ததும் என் கைதான் முதலில் திருத்தப் போகிறது.

சாப்பாட்டு அன்று சிரித்தது என் பேராசிரியராக இருக்கலாம். யோசித்துப் பார்த்தேன். நீயும் சிரித்தாய் என்றுதான் இன்னமும் நினைவு. ஆனால் சத்தியம் பண்ணமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

மேனேஜரிடம் போகவில்லை. அந்தத் திங்கட்கிழமை அவர் ஊரில் இல்லை. இல்லாவிட்டால் போயிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.

பேக்கிங்காரரை டீ குடிக்கிற நேரத்தில் பிடித்தேன். "நீங்க கீழே இறங்கி ஓடினீங்களா?" என்றேன்.

"எங்கேர்ந்து சார் இறங்குறது?"

"அப்படித்தான் எழுதியிருக்கீங்க."

"சூப்பர்வைசர் எழுதினதைப் பாத்து எழுதினோம் சார். எங்களுக்கு இந்த ஆபீஸ் பாஷை எல்லாம் வராது. நீங்கதானே சொன்னீங்க, சுத்தி வளைக்காம, எல்லாரும் ஒரே மாதிரி தெளிவா எழுதுங்கன்னு."

சொன்னேன் அக்கா. அந்த வார்த்தையே சொன்னேன்.

"சரி, கம்பி கட்டினதைப் பாத்தீங்களா?"

"நான் பாக்கலை. அவரு பாத்தேன்னாரு. பெரியவரு சொல்றாரு, இருக்கும்னு போட்டோம். பொய் சொல்லணும்னு இல்லை சார்." அப்புறம் டீயைக் கீழே வைத்துவிட்டு, "இதுல அவருக்கு வேலை போயிடும்னு அப்ப யாரும் சொல்லலையே" என்றார்.

மற்ற இருவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள், அவரவர் பாஷையில். எதுவும் சிவப்பாக வரவில்லை.

ஞாயிறு பிரஸ்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை. கையில் கட்டு. மனைவி கதவைத் திறந்து, நான் யார் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். கடைசிவரை வெளியே வரவில்லை. பிரஸ்காரர் மட்டும் உட்காரச் சொன்னார். இடது கையால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், பாதி மேசையில் கொட்டியது. துடைக்க எழுந்தேன். "உக்காருங்க, பழகிக்கிறேன்" என்றார்.

அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். ஒரு மணி நேரம் சொன்னார். காலையில் வரும்போதே கம்பி இருந்தது. முந்தின ஷிஃப்டில் கட்டினார்களா, சூப்பர்வைசரே கட்டினாரா, தெரியாது. மதியம் ஒரு தடவை தளர்ந்தது. அதை மறுபடி முறுக்கியது பிரஸ்காரர்தான். அதைத்தான் சூப்பர்வைசர் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்க வேண்டும். விபத்துக்கு முந்தின வாரங்களில் இரண்டு மூன்று நாள் பிரஸ்காரரே கட்டியும் இருக்கிறார். "எண்ணிக்கை குறைஞ்சா சூப்பர்வைசர் மேலேர்ந்து கத்துவாரு சார். கட்டுன்னு வாயால சொல்லமாட்டாரு. கதவு ரொம்ப நேரம் எடுக்குதே, கதவு ரொம்ப நேரம் எடுக்குதேன்னுவாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதையெல்லாம் ஆஸ்பத்திரியில ஏன் சொல்லலை?"

"நீங்க நின்னுக்கிட்டே கேட்டீங்க. கட்டினது நீங்களா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னீங்க. ஒரே வார்த்தைன்னா, இல்லை."

ஆக, சூப்பர்வைசர் சொன்னதும் பொய்யில்லை. இவர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. நிறுவனத்தின் படிவத்தில் 'முடிவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, இரண்டு வரிக்குத்தான் இடம். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளாது. அதில் என்ன எழுத? சீக்கிரம் சொல். உத்தரவு வர இன்னும் எட்டு நாள்தான்.

தம்பி


ஏப்ரல் 23

தம்பிக்கு,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

மாற்கின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டில் கதை எப்படி முடிகிறது தெரியுமா? பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள், காலியாக இருக்கிறது, பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். பின்னால் வந்தவர்களால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருவர் ஒரு முடிவு சேர்த்தார், இன்னொருவர் வேறு முடிவு சேர்த்தார். நான் வகுப்பில், தெரியாததை எழுதாமல் விட்டவரே பெரிய மனிதர் என்று சொல்வேன். பிள்ளைகளும் தலையாட்டும்.

ஆனால் நான் கட்டத்தைக் காலியாக விட்டால் யாருக்கும் வேலை போகாது. நீ விட்டால் போகும். அதனால் என் படிப்பை வைத்து உனக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நிஜமாகவே தெரியவில்லை, டா.

யார் கம்பி கட்டினார் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. முழுதாகத் தெரிந்தது ஒன்று இருக்கிறது இல்லையா? அந்த ஃபைலில் நீ என்ன செய்தாய் என்பது. அதை எழுத இரண்டு வரி போதும்.

இதைச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. சொல்லிவிட்டேன்.

அக்கா


மே 4

அக்கா,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்து பேரும் இப்போது சொன்னதை, அவரவர் வார்த்தையிலேயே, ஐந்து பத்தியாகப் போட்டேன். பழைய வாக்குமூலங்களின் கையெழுத்துப் பிரதியை இணைத்தேன். முடிவுக் கட்டத்தில் எழுதியது: "முதல் அறிக்கையை நான் திரும்பப் பெறுகிறேன். ஒரு சாட்சியின் எழுத்தை நான் மாற்றியிருக்கிறேன்." இருபத்தாறாம் தேதி கொடுத்தேன்.

மேனேஜர் இந்த முறை எழுந்திருக்கவில்லை. "உனக்கு ஏன்யா இந்த வேலை" என்றார். படித்ததும் சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "நான் பாத்ததைத்தானே எழுதினேன்?" என்றார். ஆமாம் சார், நீங்கள் பார்த்ததைத்தான் எழுதினீர்கள் என்றேன். அது அவருக்கு இன்னும் கோபமாகிவிட்டது.

பிரஸ்காரரை வேலையிலிருந்து எடுக்கிற உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து முதலிலிருந்து விசாரிக்கிறார். போய்ப் பிரஸ்காரரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப எனக்கு வேலை உண்டா, இல்லையா?" என்றார். தெரியாது என்றேன். "நீங்க சாதாரணமா தெரியாதுன்னு சொல்ற ஆள் இல்லையே" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி அன்றைக்கும் வெளியே வரவில்லை.

இன்று ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டார். அமைதியான மனிதர், எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுகிறவர். "நீங்களும் ஒரு சாட்சிதானே, உங்க வாக்குமூலமும் வேணும். அந்த ரெண்டு வார்த்தையை ஏன் எடுத்தீங்க?" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். உள்ளே போகுமுன் மேனேஜர் வராந்தாவில் நிறுத்தி, "டைப்பிங் தப்புன்னு போட்டுடு. உன்னை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க, நானும் பாத்துக்கிறேன்" என்றிருந்தார். நல்லதாகத்தான் சொன்னார்.

எழுதினேன். "எழுதியவரின் கைத்தவறு என்று நினைத்து நீக்கினேன்." உனக்கும் அப்படித்தானே எழுதினேன். பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்த வரியை மறுபடி படித்தேன். ரொம்ப வழவழப்பாக இருந்தது.

அன்று நடந்தது வேறு அக்கா. மதியத்துக்குள் ஃபைல் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். 'கீழே இறங்கி' என்று டைப் அடித்ததும் என் கை நின்றது. பேக்கிங் பகுதியில் படியே இல்லை என்று எனக்குத் தெரியும், அந்தத் தளத்தின் வரைபடமே நான் போட்டது. எட்டுப் படி இருக்கிற இடம் ஒன்றுதான். அப்படியானால் இந்த வரி யாருடையது என்ற கேள்வி மனதில் முழுதாக வந்தது. அதைக் கேட்டால் மதியத்துக்குள் முடியாது. அதனால் அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டேன். கைத்தவறு என்பது அடித்த பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது. உனக்கும் சொன்னேன்.

முதல் வரியைக் கிழிக்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். அதற்குக் கீழே, "மேலே உள்ளதை முதலில் எழுதினேன், அது முழு உண்மையில்லை" என்று போட்டு, இப்போது உனக்கு எழுதியதை அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். "இது உங்களுக்குத்தான் தம்பி பிரச்சினை" என்றார். தெரியும் சார் என்றேன்.

வெளியே வந்தபோது மணி பதினொன்று. மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேனேஜர் அறைக்கு இரண்டு முறை ஆள் போய் வந்தாயிற்று. இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.

அம்மாவிடம் சாயங்காலம் நானே சொல்கிறேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ முந்திக்கொள்ளாதே.

தம்பி